தடைக்காலத்திலேயே முடித்து வைக்க வேண்டிய கல்லூரி வேலைகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம்; நம் கரையில் விசைப்படகு இறங்காது. பிளஸ் டூ முடிவு வருவது மே மாதம். பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, கலைக் கல்லூரி விண்ணப்பம், சேர்க்கைக் கட்டணம், விடுதி என்று காசு கேட்கும் காரியங்கள் எல்லாம் மே, ஜூனில்தான் வரிசை கட்டி நிற்கும். வீட்டில் வருமானம் நின்றிருக்கும் நேரம் பார்த்து இப்படி அமைந்தது யார் போட்ட திட்டமோ! ஆனால் அதே இரண்டு மாதம்தான் அப்பா கரையில் இருக்கும் காலமும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க, வங்கியில் கைரேகை வைக்க, தாலுகா அலுவலகத்தில் காத்திருக்க வீட்டில் ஆள் இருக்கிறது. அதனால் ‘மார்க் வரட்டும், பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள். கடைசிப் பரீட்சை முடிந்த அடுத்த வாரமே உதவித்தொகைக்கான தாள்களை எடுக்கத் தொடங்குங்கள்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில், வீட்டுத் திண்ணையில், அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்க்கிறேன். உயர்கல்விக்கு அரசு ஒதுக்கும் பணம் போதுமா என்பது பெரிய விவாதம், அது நடக்கட்டும். ஒதுக்கிய பணமே பிள்ளை கைக்கு வராமல் போவதைத்தான் நான் அதிகம் பார்த்தேன். பெயர் ஒத்துவராது, வங்கிக் கணக்கு சரியிருக்காது, தேதி போயிருக்கும். மூன்றுமே வீட்டிலிருந்து சரிசெய்யக்கூடியவை.

ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி?

உதவித்தொகை என்றதும் எல்லோரும் சாதிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் முதலில் கேட்பது பள்ளிக்கூடத்தை. ஏனென்றால் நம் கரையில் அரசுப் பள்ளி, திருச்சபையோ ஜமாத்தோ நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி, தனியார் மெட்ரிக் மூன்றும் ஒரே தெருவில் இருக்கும். சம்பளம் அரசு கொடுக்கிறது என்பதால் உதவிபெறும் பள்ளியையும் ‘கவர்மென்ட் ஸ்கூல்’ என்றே ஊரில் சொல்வார்கள். விண்ணப்பத்தில் அது செல்லாது.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இல். இந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அரசே கட்டுகிறது. மீனவக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறொன்றும் எனக்குத் தெரியாது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் அரசுப் பள்ளிதான், பயப்பட வேண்டாம். ஆனால் ஆறு, ஏழு, எட்டை உதவிபெறும் பள்ளியில் முடித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைக்கு இது கிடையாது. வருத்தமான விதி, ஆனாலும் விதி. ஐந்தாம் வகுப்பில் தங்கச்சி, தம்பி இருக்கும் வீடுகள் இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாதம் 1,000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இதில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் வருவார்கள். சாதி, வருமானம் எதுவும் கேட்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் வரும். பட்டப்படிப்பு மட்டும் இல்லை, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் உண்டு; அஞ்சல்வழிக் கல்விக்குக் கிடையாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் வாங்க வேண்டும். இரண்டு பள்ளி என்றால் இரண்டு இடத்திலும். மே மாத விடுமுறையில் தலைமை ஆசிரியர் ஊரில் இருக்கமாட்டார். ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள்.

தாள்கள்

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி: நான்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை, ஒன்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார் அலுவலகம் என்று நகரும். ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் நகராமல் கிடந்தால், எந்த மேசையில் நிற்கிறது என்று அந்த எண்ணை வைத்து இ-சேவைக்காரரே பார்த்துச் சொல்வார். அந்த மேசைக்கு நேரில் போங்கள். பொதுவாக ‘தாலுகா ஆபீசில் கேட்டேன், வரவில்லை’ என்று திரும்பி வருவதில் பயன் இல்லை.

வருமானச் சான்றிதழ்தான் கடல் தொழில் வீட்டுக்குத் தலைவலி. மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். ஒரு நடை மீன் வரும், அடுத்த நடை டீசல் காசுகூட வராது. அதிகாரி கேட்டதும் நல்ல சீசனில் ஒரு மாதம் வந்ததைச் சொல்லி, அதை அவர் பன்னிரண்டால் பெருக்கிவிட்டால் காரியம் கெட்டது. தடைக்காலம் இரண்டு மாதம் போக, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காத நாள், காற்று நாள் எல்லாம் போக, ஆண்டு முழுவதற்கும் என்ன நிற்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு அந்த ஆண்டுத் தொகையைச் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆண்டைச் சொல்லுங்கள், மாதத்தைச் சொல்லாதீர்கள். பல உதவித்தொகைகளுக்கு முக்கியமான ஆண்டு வருமான எல்லை 2,50,000 ரூபாய். கடல்பாசி எடுக்கும் அம்மாவின் காசும் குடும்ப வருமானம்தான். இந்தச் சான்றிதழைப் பழசு இருக்கிறதே என்று விடாமல் ஆண்டுதோறும் புதிதாக வாங்குங்கள். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் வீடுகளில் அம்மா விண்ணப்பிக்கலாம். அவர் வரட்டும் என்று காத்திருந்து தேதியை விடாதீர்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வருமான வரம்பு இல்லை. வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இது. ஆகவே அக்கா கலைக் கல்லூரிக்கும் தம்பி பொறியியலுக்கும் போகப்போகிறார்கள் என்றால் யாருக்கு எடுப்பது என்று யோசித்துச் செய்யுங்கள். கட்டணச் சலுகை கிடைப்பது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவருக்கு. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவில். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கல்லூரி முகவர் வீட்டுக்கே வந்து, ‘கலந்தாய்வெல்லாம் எதுக்குண்ணே, நாங்களே ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றோம்’ என்பார். கலந்தாய்வை விட்டுவிட்டு அவர் பின்னால் போனால் 7.5 சதவீதமும் போச்சு, முதல் பட்டதாரிச் சலுகையும் போச்சு.

பெயர் விஷயம். ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்து, வங்கியில் இன்னொன்று. கிறித்தவ வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் ஒன்றும் கலந்துவிடும்; முஸ்லிம் வீடுகளில் முகமது, செய்யது என்பதையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். முதலெழுத்து முன்னால், பின்னால், இல்லவே இல்லை என்று அது தனிக்கதை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து, ஆதாரையும் வங்கியையும் அதற்கு ஒத்துவர மாற்றுங்கள். மதிப்பெண் சான்றிதழை மாற்றப் போனால் ஆண்டு போய்விடும்.

வங்கிக் கணக்கு

உதவித்தொகை இப்போது பிள்ளையின் ஆதார் இணைந்த கணக்குக்கு நேராக வருகிறது. கணக்குப் புத்தகத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டோம் என்பது போதாது. ஒருவருக்கு இரண்டு கணக்கு இருந்தால், ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் சின்ன வயதில் திறந்த கணக்கு தூங்கிக்கொண்டிருக்கும். அதில் இணைப்பு இருந்தால் பணம் அங்கே போய் முட்டித் திரும்பும். ‘மை ஆதார்’ தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி இருக்கிறது, இ-சேவையில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எந்த வங்கி பெயர் வருகிறதோ அதில் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் தபால்காரரிடம் சொன்னால் அஞ்சலக வங்கிக் கணக்கை ஆதார் இணைப்போடு வீட்டிலேயே திறந்து தருவார். தீவுப் பக்கத்துக்கு அதுதான் சுலபம். கைப்பேசி எண்ணை அடிக்கடி மாற்றும் பழக்கத்தையும் நான்கு வருடத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டியது

அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு அண்மை ஆண்டுகளில் 50 ரூபாய்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2 ரூபாய். பொறியியல் பதிவுக்கு 500, அவர்களுக்கு 250. இந்தக் காசுக்காக ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள், இரண்டும் போடுங்கள். மீன்வளப் படிப்பில் விருப்பம் இருந்தால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம். மீனவர் நல வாரிய அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று அப்பா இப்போதே பார்க்கட்டும். வாரியத்திலும் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி இருக்கிறது.

அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு வருமான நிபந்தனை இல்லாமல் உதவித்தொகை உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் அந்த 2,50,000 வரம்பு வரும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அதே வரம்பு. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் வீடுகளுக்கும் மாநில அரசு தருகிறது. நமக்கு இல்லை என்று அவர்களே நினைத்துக்கொண்டு கேட்காமல் விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேளுங்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் அலுவலகத்துக்குப் போய் உதவித்தொகை யார் பார்க்கிறார் என்று கேட்டு, அவரிடம் யுமிஸ் எண்ணை, அதாவது அரசின் கல்லூரி மாணவர் தகவல் தளத்தில் பிள்ளைக்கான பதிவு எண்ணை, வாங்குங்கள். இதில்லாமல் எந்த விண்ணப்பமும் திறக்காது. ‘நோட்டீஸ் போர்டைப் பாரு’ என்று சொன்னால் போய்விடாதீர்கள். அந்த இருக்கையில் இருந்தவள் சொல்கிறேன், நாலு முறை வந்து நிற்கும் பிள்ளையின் கோப்புதான் மேலே வரும். கட்டிய காசு எல்லாவற்றுக்கும் ரசீது. சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களைக் கொடுத்தால் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது.

நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் திட்டம் ஒன்று இருக்கிறது, வருமான வரம்பு 4,50,000. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டண விலக்கோ வாங்கினால் இது கிடையாது. எது பெரிய தொகை என்று பார்த்து ஒன்றைப் பிடியுங்கள்.

விடுதியை மறக்காதீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டருக்குப் பக்கம். தினமும் போய்வந்தால் பிள்ளை முதல் செமஸ்டரிலேயே களைத்துவிடும். இப்போது சமூக நீதி விடுதி என்று பெயர் மாற்றிய அரசு விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. இடம் சீக்கிரம் நிறையும். கல்லூரிச் சேர்க்கை உறுதியான அன்றே விடுதி விண்ணப்பத்தையும் வாங்குங்கள்.

கடன் கடைசியில்

மேலே சொன்னதெல்லாம் பார்த்த பிறகும் பள்ளம் இருந்தால் மட்டும் கல்விக் கடன். 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ‘உங்கப்பா கடலுக்குப் போறவரா, நிலம் இருக்கா?’ என்று மேலாளர் வாயால் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறுவதைக் கண்டிருக்கிறேன். மாறாவிட்டால் அந்தத் தாளோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். மீட்டர் வட்டிக்கும் ஏலச் சங்கத்து முன்பணத்துக்கும் போய் கட்டணம் கட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கடனை அடைக்க அடுத்த சீசனில் பையனையே படகில் ஏற்றிவிடுவார்கள்.

உதவித்தொகை விண்ணப்பம் போட்டும் பணம் வராவிட்டால், முதலில் கல்லூரி அனுப்பியதா, அப்புறம் துறை அலுவலகம் ஒப்புதல் கொடுத்ததா, கடைசியில் வங்கி திருப்பியதா என்று இந்த வரிசையில் விசாரியுங்கள். மூன்று இடத்திலும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் குடும்பக் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுத வேண்டாம். பிள்ளையின் பெயர், யுமிஸ் எண், விண்ணப்பித்த தேதி, எந்தத் திட்டம், எங்கே நிற்கிறது. இந்த ஐந்து வரி போதும். மனு எண் போட்ட சீட்டை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.