அகிலத்திரட்டைக் கையில் எடுப்பவர்களுக்கு

அகிலத்திரட்டு, அய்யா வைகுண்டரை வழிபடுகிற அய்யாவழி மக்களின் புனித நூல். அதைத் தனியாக, மனசுக்குள்ளேயே வாசிக்காதீர்கள். கல்லூரி விடுதியில் நான் அப்படித்தான் தொடங்கினேன். குறோணி என்கிற அசுரனை ஆறு துண்டாக வெட்டுகிற இடத்தில் மூடி வைத்தேன். பத்து வருஷம் கழித்து, கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில், இந்த நூலை உரக்கப் படிக்கிற கார்த்திகை ஏடு வாசிப்புக்குப் போய் உட்கார்ந்தபோதுதான், இது காதுக்கென்றே எழுதியது என்று புரிந்தது.

17 நாள் நடக்கும். இரண்டு நாளாவது போங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் பதிக்குள், அதாவது அய்யாவழிக் கோயிலுக்குள், போகவேண்டும். துண்டைச் சுற்றும்போதே வாசிப்பு தொடங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பாகை கட்ட உரிமையில்லாதிருந்த மக்களை, கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னவர் வைகுண்டர். உள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான்.

வீட்டில் வாசிக்கும்போது முதலில் விருத்தங்களைப் பாருங்கள், பிறகு கதையைச் சொல்லிக்கொண்டு போகும் நடைக்கு வாருங்கள். குறோணியின் துண்டுகள் யுகத்துக்கு ஒன்றாக ராவணன், துரியோதனன் என்று பிறந்து வரும். கலியுகத்தில் கதை திருவிதாங்கூருக்குள் நுழையும், அரசனுக்குக் கலிநீசன் என்று பெயர் விழும். ஏடு எழுதியது 1841-ல். ஆண்டுகொண்டிருந்த ராஜாவைப் பற்றித்தான் பேச்சு. அதே அரசு வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்திருந்தது. தாலிக்கும் சருகுக்கும்கூட ஆயம் கேட்ட பட்டியல் வருகிற பக்கத்தை மட்டும் அவசரப்படாமல், உரக்கப் படியுங்கள். ஆயம் என்றால் வரி.

அடுத்து, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போங்கள். நான் பிடித்தது 'ஊழியம்'. இன்றைக்கு நாகர்கோவிலில் "சித்தப்பா ஊழியத்துல இருக்காரு" என்றால் போதகர் என்று அர்த்தம். அன்றைக்கு அரசாங்கத்துக்குக் கூலியில்லாமல் செய்த கட்டாய வேலைக்கு அதுதான் பெயர். ரிங்கல்தௌபே என்கிற மிஷனரி 1809-ல் மயிலாடியில் தேவாலயம் கட்டினார். பிறகு கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள் முதுகு நிமிர்வது சின்ன விஷயமா? என் அப்பா வழி சபைக்குப் போனது, அம்மை வழி பதிக்குப் போனது. ரெண்டு பேரும் ஓடிவந்தது ஒரே ஊழியத்திலிருந்துதான் என்று கல்யாண வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

கூடவே தோள்சீலைக் கலகத்தின், அதாவது பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த போராட்டத்தின், வருஷங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1822-ல் தொடங்கியது, அரசாணை வந்தது 1859-ல். வைகுண்டர் 1851-லேயே மறைந்துவிட்டார். ஏட்டை வெறும் சாதிக் கணக்காகப் படிப்பவர்களும் உண்டு, வெறும் பக்தியாகப் படிப்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பாதிதான் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

கடைசியாக, பக்கத்து நிழல் தாங்கலில் (ஊர்களில் உள்ள சின்ன அய்யாவழிக் கோயில்) வயசானவர்களிடம் உட்காருங்கள். ஆயம் வரும் இடத்தை நான் வாசித்தபோது ஒரு ஆச்சி நிறுத்தினார்: "எங்க பாட்டாவுக்கப் பாட்டா பனை கேறினவருதாம் மக்கா. எத்தன பனையிண்ணு கேளு."

கேளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.