மாத வாடகைக்கு நாகர்கோவிலில் வீடு எடுக்கும் முன்

அம்மாவின் சிகிச்சைக்காக வெளிநாட்டிலிருந்து வந்து ஆசாரிபள்ளத்தில் மூன்று மாதம் வீடு எடுத்தேன். தூரத்துச் சொந்தக்காரர் வீடு. "நமக்குள்ளே எழுத்து எதற்கு?" என்றார், எனக்கும் கேட்கக் கூச்சம். கிளம்பும் வாரம் அட்வான்ஸைக் கேட்டபோது, சுவரில் ஈரம் ஏறியது எங்களால்தான் என்று பிடித்துக்கொண்டார். கொடுத்த பணத்துக்கு ரசீதும் இல்லை. விமானத்துக்கு நான்கு நாள் இருக்கையில் யாரிடம் போய் வழக்காடுவது?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. சாவி வாங்கும் அன்றே சுவர், கூரை, கிணற்று மோட்டார், மின்மீட்டர் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், புகுந்த நாள் மீட்டர் எண் கையில் இல்லாவிட்டால் முந்தைய குடியிருப்பாளரின் கணக்கும் உங்கள் தலையில் விழும்.

மாத வாடகைதானே என்று வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதே உங்களைக் காலி செய்யச் சொல்லும் காரணமாகவும் ஆகலாம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 'உடன்பாடு' என்ற அந்தச் சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கையெழுத்துக்கு முன் தொகையைப் பாருங்கள். தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

காலி செய்வதற்கான முன்னறிவிப்பையும் எழுதுங்கள். மாத வாடகைக்கு, வேறு ஏற்பாடு இல்லாதபோது, 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 15 நாள் என்கிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். ஊரில் 11 மாதப் பத்திரம் வழக்கமானது அதனால்தான்.

"வாடகை வேண்டாம், ஒற்றிக்கு எடுங்கள்" என்று யாராவது சொன்னால், சில மாதம் தங்க வந்தவர் சம்மதிக்கவே வேண்டாம். ஒற்றி என்பது, மாத வாடகைக்குப் பதில் பெருந்தொகை கொடுத்து வீட்டில் குடியிருக்கும் அடமானம். முறையாகப் பதியாமல் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு அயல்நாட்டில் உட்கார்ந்து மீட்க முடியாது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரானால், நீங்கள் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம் எனப்பட்டது) வீட்டுக்காரர் பதிய வேண்டும். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்களே நினைவூட்டுங்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது சட்டம். அதற்குள் நீங்கள் கடல் கடந்திருப்பீர்கள். பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், ஊரில் யார் பெற்றுக்கொள்வார் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.