நாதஸ்வரத்துக்குக் கிளிப் மைக்கா? அணசில் மாட்டாதீர்கள்

பினாங்கில் கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் நாதஸ்வரத்தில் கம்பியில்லாத சின்ன மைக் ஒன்றை மாட்டி வாசிக்கிறார்கள். ஸ்டாண்டு மைக் முன்னால் அசையாமல் நிற்க வேண்டியதில்லை, சுவாமி புறப்பாட்டோடு நடந்தபடியே வாசிக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் பல இடங்களில் கேட்கும்போது மனம் வலிக்கிறது. எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் கீழ்ச் சுரம் மட்டும் பூதம்போல் எழும்புகிறது, மேலே போகப் போக நாதம் மெலிந்துவிடுகிறது. வித்வான்மேல் குறையில்லை. மைக் இருக்கும் இடம்தான் தவறு.

டிரம்பெட்டுக்கு அதன் அகன்ற வாயில் மாட்டினால் போதும். அதில் விரல் துளைகள் கிடையாது, ஒலி முழுதும் வாய் வழியாகவே வெளியே வரும். அதைப் பார்த்து நாமும் நாதஸ்வரத்தின் அடியில் விரியும் வாயான அணசின் விளிம்பில் மாட்டிவிடுகிறோம். நாதஸ்வரத்தில் விரலுக்கு ஏழு துளைகள். எந்தத் துளை திறந்திருக்கிறதோ அங்கிருந்தும் ஒலி கிளம்பும். அதனால் கிளிப்பை உலவில், அதாவது துளைகள் உள்ள மரக்குழலில் பொருத்தி, வளையும் கழுத்தை மேல்நோக்கித் திருப்பி, மைக்கின் முகம் நடுத் துளைகளைப் பார்க்கும்படி வையுங்கள். துளையை ஒட்டி வைத்தால் அந்த ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு வரும். முக்கால் சாண் இடைவெளியாவது வேண்டும். சாக்ஸபோனுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

உலவு கீழே போகப் போக அகலும் என்பதால் கிளிப் நிலையாக நிற்காது. இடையில் மெல்லிய ரப்பர் துண்டு ஒன்றை வைத்தால் வழுக்காது, மரத்திலும் கீறல் விழாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் மாற்றும் ஊசியும் கயிற்றில் தொங்குகின்றன அல்லவா? அவை கிளிப்பில் இடித்தால் கூட்டம் முழுக்க 'டக் டக்' என்று கேட்கும். வாசிக்கும்போது அவற்றை மறுபக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

சட்டையில் குத்திக்கொண்டு காணொளிக்குப் பேசும் மைக்கை மலிவு என்று வாங்கி நாதஸ்வரத்துக்குப் பயன்படுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அது பேச்சுக் குரலுக்காகச் செய்தது. பலவற்றில் இரைச்சலை நீக்கும் வசதி தானாகவே வேலை செய்யும். நீண்டு ஒரே சீராக நிற்கும் ஒலியை இரைச்சல் என்று அது நினைத்துக்கொள்ளும். வித்வான் மூச்சை அடக்கிப் பிடிக்கும் கார்வை அப்படியே கரைந்து போய்விடும்! வேறு மைக் இல்லையென்றால் அந்த வசதியையாவது அணைத்துவிடுங்கள். மேலும் அது எல்லாத் திசையிலும் கேட்கும் மைக். பக்கத்தில் தவில் முழங்கினால் அதுவும் சேர்ந்தே ஏறும்.

ஒலி கரகரத்தால் மிக்ஸரில் குறைத்துப் பயனில்லை. நாதஸ்வரத்தின் வீச்சு, மைக்கின் ஒலியை அலையாக அனுப்பும் கருவியிலேயே முட்டி உடைந்திருக்கும், உடைந்த ஒலியைக் குறைத்தாலும் அது உடைந்த ஒலிதான். அந்தக் கருவி ஒலியைப் பெருக்கும் அளவான கெயினைக் குறைத்துவிட்டு மிக்ஸரில் கூட்டுங்கள். ஒத்திகையில் மெதுவாக இரண்டு சுரம் ஊதிப் பார்த்தால் போதாது. கெட்டிமேளத்தின்போது எப்படி ஊதுவாரோ அப்படி ஊதச் சொல்லுங்கள்.

அடுத்தது அலைவரிசை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் திரளும் கூட்டத்தில் எத்தனை கைப்பேசிகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வைஃபையும் புளூடூத்தும் புழங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் மலிவு விலை மைக்குகள் பலவும் இயங்குகின்றன. மனித உடலும் அந்த அலையை உறிஞ்சிவிடும். காலையில் காலியான இடத்தில் சோதித்தபோது நன்றாக இருந்தது மாலையில் அறுபடுவதற்கு இதுதான் காரணம். மைக்கின் அலையைப் பெறும் கருவியைத் தரையில் வைக்காமல் தலைகளுக்கு மேலே, வித்வானுக்கு நேராகத் தெரியும்படி வையுங்கள். ஊர்வலம் என்றால், தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் பயன்படும் யூஎச்எஃப் அலையில் இயங்கும் செட்டையே நம்புவேன். அதிலும் பழைய செட்டைக் கைமாற்றி வாங்குவோர் அலைவரிசை எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். மலேசியாவில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபரில் முற்றாக நின்ற பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. அந்தப் பட்டையில் இயங்கும் மைக் இனி உதவாது.

இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசித்தால் இரண்டுக்கும் தனித்தனி அலைவரிசை தேவை. முதல் செட்டை இயக்கி வைத்துவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதற்குக் காலியான அலைவரிசையைத் தேடுங்கள்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் ரகம் 1.2 வோல்ட். எந்த ரகம் என்று செட்டில் குறிக்காவிட்டால் அளவுகாட்டி பொய் சொல்லும். முகூர்த்தத்துக்கு முன் புதிதாக மாற்றிவிடுவதே நிம்மதி.

வாசித்து முடிந்ததும் மைக்கை அப்படியே பெட்டியில் திணித்து மூடிவிடுகிறோம். சீவாளியின் ஈரமும் பினாங்கின் புழுக்கமும் சேர்ந்தால் மைக் சீக்கிரம் கெட்டுவிடும். பஞ்சு உறையைக் கழற்றி, துடைத்து, இரவு முழுக்கக் காற்றாட உலரவிடுங்கள். மறுநாள் காலையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வைத்தால் போதும்.