மாடு முட்டியவரைத் தியேட்டர் வரை கொண்டு சேர்க்க

முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் நான். இப்போது கல்லலில் ஓய்வு. தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கிளம்பும் தெருப் பையன்கள் "அயித்த, முட்டிருச்சுன்னா என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்களுக்குச் சொல்வதுதான் இது.

கொம்பு குத்திய வயிற்றில் வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவுதான் ஓட்டை தெரியும். உள்ளே குடல் கிழிந்திருக்கலாம், கல்லீரல் கிழிந்திருக்கலாம். பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகிற வேலையே வேண்டாம். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான வேட்டியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து மூடி, ஈரம் காயாமல் மேலே ஒரு பாலிதீன் பை போடுங்கள். முழங்காலை மடக்கிப் படுக்க வைத்தால் வயிறு இறுகாது.

தொடையில் குத்தியிருந்தால் துண்டை வைத்து, உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. அப்படியும் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு நாலு விரல் மேலே அகலத் துணியால் கட்டி, குச்சி கொடுத்து முறுக்குங்கள். முறுக்கிய மணியைக் குறியுங்கள், வழியில் அவிழ்க்காதீர்கள். காப்பித்தூள் அப்பாதீர்கள், கழுவி எடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும்.

அப்புறம் சோடா: குடிக்கக் கொடுக்காதீர்கள். ஒருமுறை பாசத்தில் இரண்டு சோடா ஊற்றிக் கொண்டுவந்தார்கள். மயக்கம் கொடுக்கையில் அது வாய்க்கு ஏறி நுரையீரலுக்குள் போனது. வயிறு ஒரு வாரத்தில் ஆறியது, நெஞ்சு ஆற ஒரு மாதம். நாக்கு வறண்டால் உதட்டை நனையுங்கள், போதும்.

108-ஐக் கூப்பிடும்போது "வயிற்றில் குத்து, ஆபரேஷன் தேவைப்படும்" என்று சொல்லிவிடுங்கள். கிட்டத்தில் எது என்பதைவிட, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் இந்நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. காரைக்குடியா, சிவகங்கை மருத்துவக் கல்லூரியா, மதுரையா என்பதை ஆம்புலன்ஸ்காரர் போனில் கேட்டு முடிவு செய்யட்டும். வண்டியில் நாலு பேர் ஏறாதீர்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய, குடிக்காத இரண்டு பேர் பின்னால் தனியே வரட்டும். வயசானவர் என்றால் அவர் தினம் போடும் மாத்திரை அட்டையும் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை அதில் இருக்கக்கூடும்.

ரோட்டில் பைக் விபத்து என்றாலும் இதே வைத்தியம்தான். போலீஸ் பிடிக்குமோ என்று தயங்காதீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, தூக்கி வந்தவர் விருப்பம் இல்லாமல் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் இலவசம்.

வாசலில் எங்களிடம் நாலு விஷயம் சொன்னால் போதும்: எப்போது குத்தியது, எப்போது கட்டினீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டார், என்ன மாத்திரை. போன வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவன் தாள் கிடைக்காமல் தன் முன்கையிலேயே எழுதிக்கொண்டு போய் நீட்டினானாம்.