அமெரிக்க டொமிசைல்: இங்கே இருந்துகொண்டு கணவன், மனைவிக்கு விசா கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நம் ஊரில் டொமிசைல் என்றால் ஒரு சர்ட்டிபிகேட். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, வி.ஏ.ஓ.வைப் பார்த்து, தாசில்தார் கையெழுத்தோடு நேட்டிவிட்டி வாங்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில்தான், மனைவிக்கு அமெரிக்க இமிக்ரன்ட் விசா கேட்கும்போதும் "டொமிசைல் ப்ரூஃப் எந்த ஆபீஸ்ல வாங்கறது?" என்று கேட்கிறார்கள். எந்த ஆபீஸிலும் வாங்க முடியாது. தன் குடித்தனம் அமெரிக்காவில்தான் இருக்கிறது, அல்லது அங்கே மாறப்போகிறது என்பதை ஸ்பான்சர்தான், அதாவது துணைக்காக மனு போடுபவர்தான், காட்ட வேண்டும். அதைச் சொல்ல ஒரு தாள் போதாது. பத்துத் தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

இந்தச் சிக்கலில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டு, வயதான அப்பா அம்மாவுக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பியவர்கள் ஒரு வகை. அப்பா எச்1பி-யில் இருந்தபோது அங்கே பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்த பிள்ளைகள் இன்னொரு வகை. கையில் அமெரிக்க பாஸ்போர்ட், ஓசிஐ கார்டு. வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் இங்கே. ஐ-130 என்ற குடும்ப உறவு மனு பாஸாகி, அமெரிக்காவின் தேசிய விசா மையம் ஐ-864 படிவத்தை (துணையின் செலவுக்கு நான் பொறுப்பு என்ற உறுதிமொழி) கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும். எல்லோருடைய கவனமும் அந்தப் படிவத்தில் வருமானத்தின் மேல் இருக்கும். 'டொமிசைல் நாடு' என்று ஒரு சின்னக் கட்டம் இருப்பதைக் கண் தாண்டிப் போய்விடும்.

சட்டம் சொல்வது இதுதான். ஸ்பான்சருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும், டொமிசைல் அமெரிக்காவில் இருக்க வேண்டும். 50 மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி., அமெரிக்க ஆட்சிப் பகுதிகள் எல்லாம் கணக்கில் சேரும். டொமிசைல் என்றால் முதன்மையான வசிப்பிடம், அங்கேயே தொடர்ந்து இருக்கும் எண்ணத்தோடு. பாஸ்போர்ட் இருந்தால் குடியுரிமைதான் நிரூபணமாகும், டொமிசைல் ஆகாது.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'நான் தற்காலிகமாகத்தான் வெளியே இருக்கிறேன், என் டொமிசைல் அங்கேயேதான் இருக்கிறது' என்று காட்டுவது. மற்றது, 'இப்போது இல்லை. ஆனால் என் கணவரோ மனைவியோ அமெரிக்காவில் நுழைவதற்குள் அங்கே குடித்தனம் அமைத்துவிடுவேன்' என்று காட்டுவது.

தவறான வழியில் ஏறிக்கொள்வது

நான் பார்த்தவரை ஆரம்பத்திலேயே வண்டி தடம் மாறுவது இங்கேதான். பதினோரு வருடமாகச் சென்னையில் சொந்த ஃபிளாட், பிள்ளைகள் பக்கத்து ஸ்கூலில். அப்படி இருப்பவர் 'தற்காலிகமாக வந்திருக்கிறேன்' என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்குச் சிரிப்புதான் வரும். முதல் வழி கௌரவமாகத் தெரிகிறது, இரண்டாவது ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று தயங்குகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. 'டொமிசைல் விட்டுப்போயிற்று, மறுபடி அமைக்கிறேன்' என்று சொல்வது சட்டம் திறந்தே வைத்திருக்கும் கதவு. ஒரே கடிதத்தில் பாதி இதையும் பாதி அதையும் சொல்வதுதான் மோசம்.

முதல் வழி யாருக்குப் பொருந்தும்? இரண்டு வருட புராஜெக்டுக்காக வந்தவர், படிக்க வந்தவர், அங்கே வீட்டையும் பேங்க் கணக்கையும் லைசன்ஸையும் உயிரோடு வைத்திருப்பவர். அமெரிக்க அரசு வேலையாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், அமெரிக்க நிறுவனம் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பிய சிலருக்கும் தனி விதி உண்டு. கம்பெனி அனுப்பியது என்றால் அதைக் கம்பெனியே கடிதமாகத் தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் ஓஎம்ஆரில் இருக்கும் ஆபீஸின் பெயரை மட்டும் நம்பி இந்த விதியில் சாயாதீர்கள்.

"அத்தை ஸ்பான்சர் பண்றாங்களே, போதாதா?"

போதாது. வருமானம் குறைந்தால் ஜாயின்ட் ஸ்பான்சர் கைகொடுப்பார். 2025-இன் வறுமைக்கோட்டு அளவுப்படி, இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு ஸ்பான்சர் காட்ட வேண்டிய 125 சதவீத வருமானம் என்பது வருடத்துக்குச் சுமார் 26,437 டாலர். இங்கே வாங்கும் சம்பளம் எவ்வளவு இருந்தாலும், வேலையை விட்டுவிட்டு அங்கே போகும்போது அது நின்றுவிடும். தொடராத வருமானம் கணக்கில் ஏறாது. அதனால் டெக்சாஸ் அத்தையோ நியூஜெர்சி சித்தப்பாவோ தேவைப்படுவது சகஜம். ஆனால் அவர்கள் நிரப்புவது பணத்தின் குறையை மட்டும். மனு போட்டவருக்கு டொமிசைல் இல்லை என்றால் அவரால் ஸ்பான்சராகவே நிற்க முடியாது. கூட எத்தனை கோடீஸ்வரர் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஓட்டை அடைபடாது.

இந்தப் பக்கத்தை மறந்துவிடுவது

பெரும்பாலானவர்களின் ஃபைலைப் பிரித்தால் எல்லாத் தாளும் அமெரிக்கா பக்கம்: பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய லைசன்ஸ், அத்தை வீட்டு முகவரி. இங்கிருந்து கிளம்புகிறோம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. குடித்தனம் மாறுகிறவர் நம் ஊரில் என்னவெல்லாம் செய்வார் என்று யோசியுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். பிள்ளைகளுக்கு டிசி வாங்குவார். கேஸ் கனெக்‌ஷனை ஒப்படைப்பார். காரை விற்பார், வேலையில் பேப்பர் போடுவார். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. அதிகாரிக்கு அந்தத் தாள் அங்கே புதிதாகத் திறந்த கணக்கைவிட அதிகம் பேசும்.

விசா வருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான், வேண்டியதும் இல்லை. இத்தனை நாள் நோட்டீஸ் என்று காட்டும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் பக்கம், வீட்டுக்காரருக்கு அனுப்பிய மெயில், பொருட்களைக் கப்பலில் அனுப்ப வாங்கிய கொட்டேஷன், ஃபிளாட்டை வாடகைக்கு விட புரோக்கருடன் நடந்த பேச்சு எல்லாம் ஆகும்.

ஓர் உதாரணம். திருச்சியில் இருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தது டெக்சாஸ், ஆறு வயதில் இங்கே வந்தாயிற்று. கணவர் இந்தியர். அங்கே அவருக்கு பேங்க் கணக்கு, லைசன்ஸ், வேலை என்று எதுவும் இருந்ததே இல்லை. 'மறுபடி' அமைக்க அவரிடம் ஒன்றுமில்லை, முதல் தடவையாக அமைக்கிறார். இவருக்கும் இரண்டாவது வழி திறந்தேதான் இருக்கிறது. டல்லாஸில் இருக்கும் அத்தை, 'இவர்கள் இன்ன மாதத்திலிருந்து என் வீட்டில் தங்குவார்கள்' என்று கடிதம் தருகிறார், கூடவே தன் பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லையும் இணைக்கிறார். இவர் பத்து நாள் போய்க் கணக்குத் திறந்து, இங்கிருந்து கொஞ்சம் பணத்தை மாற்றுகிறார். வேலைக்கு விண்ணப்பித்த மெயில்கள், வந்த பதில்கள், ஒன்றிரண்டு வீடியோ இண்டர்வியூ அழைப்புகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் ஹாஸ்டலைக் காலி செய்யும் தேதி, ஆபீஸ் நோட்டீஸ் விதி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரணம். சேர்த்துப் பார்த்தால் கிளம்புகிற ஆள் என்று தெரிந்துவிடும்.

நாற்பது டாலரோடு ஆறு வருடம் தூங்கிய கணக்கு, காலாவதியான லைசன்ஸ் இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு வருபவர் இவரிடம் தோற்றுப்போவார். தெரிந்தவரிடம் பொய்யாக ஒரு லீஸ் எழுதி வாங்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஐ-864 பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதியோடு கையெழுத்தாகும் படிவம். பொய் ஆவணம் வெளிப்பட்டால், அதைக் கொடுத்து விசா கேட்கும் துணைக்கு நிரந்தரத் தடை வரை போகலாம்.

விருப்பக் கடிதம்

'நானும் என் மனைவியும் அமெரிக்காவில் வாழ ஆசைப்படுகிறோம். தயவுசெய்து பரிசீலிக்கவும்.' இப்படி நான்கு வரி எழுதி அனுப்புகிறார்கள். இதில் தேதி இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை. எப்போது கிளம்புகிறோம், யார் வீட்டில் தங்குகிறோம், வேலைக்கு என்ன செய்திருக்கிறோம், இங்கே எதையெல்லாம் முடித்துவிட்டோம், எது பாக்கி என்று எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு இணைப்பு இருக்கட்டும். இணைப்பு இல்லாத வாக்கியத்தை எடுத்துவிட்டாலும் நஷ்டமில்லை.

முகவரி இன்னொரு பொறி. ஐ-864, கடிதம் இரண்டிலும் டல்லாஸ் இருக்கும். டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பும்போது, அங்கே எங்கே வசிப்பீர்கள், கிரீன் கார்டை எந்த முகவரிக்கு அனுப்ப என்ற கேள்விகளுக்குக் கணவர் தன் நண்பரின் நியூஜெர்சி முகவரியைப் போட்டிருப்பார். தனித்தனி இரவில், தனித்தனி லேப்டாப்பில் நிரப்பியதன் விளைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வரி, ஓட்டு

'வெளிநாட்டுச் சம்பளத்துக்கு அங்கே வரி இல்லையே, எதற்கு ரிட்டர்ன்?' 2025-ஆம் வரி ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்கு உண்டு, உண்மை. ஆனால் ரிட்டர்ன் போட்டு, 2555 படிவத்தில் கேட்டால்தான் அந்த விலக்கு. கல்யாணமாகித் தனியாகத் தாக்கல் செய்பவருக்கு ரிட்டர்ன் போட வேண்டிய வரம்பு வெறும் 5 டாலர். 'சிங்கிள்' என்று போட்டுவிடுவதும் நடக்கிறது. மனைவிக்கு விசா கேட்கும் ஃபைலில் சிங்கிள் என்ற ரிட்டர்ன் எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. தெரியாமல் விட்டவர்களுக்கு, மூன்று வருட ரிட்டர்னும் ஆறு வருட வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் போட்டுச் சரிசெய்துகொள்ள ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) ஒரு வழி வைத்திருக்கிறது. இண்டர்வியூ தேதி வந்த பிறகு ஓடாமல், மனு போட்ட கையோடு தொடங்குங்கள். முதல் வழியில் போகிறவர், 2555-இல் இந்தியாவின் நிலையான வசிப்பாளர் என்ற சோதனையைத் தேர்ந்தெடுத்தால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். பன்னிரண்டு மாதத்தில் 330 நாள் வெளியே இருந்த கணக்கைக் காட்டும் சோதனையும் அதே படிவத்தில் உண்டு. இதை ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஓட்டுப் பதிவும் நல்ல சான்றுதான். அதற்கான போஸ்ட் கார்டு விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே வெளிநாட்டில் வசிப்பவருக்கு மூன்று விடைகள் இருக்கும்: திரும்ப எண்ணம் உண்டு, திரும்புவது நிச்சயமில்லை, அங்கே வசித்ததே இல்லை. யோசிக்காமல் இரண்டாவதை டிக் செய்துவிட்டு, அதையே டொமிசைல் ஆதாரமாக இணைப்பவர்களும் உண்டு. உண்மை எதுவோ அதைத்தான் டிக் செய்ய வேண்டும். அது உதவாத விடை என்றால் இந்தத் தாளை ஃபைலில் வைக்காதீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. அவர்கள் ஓட்டுப் போட்டால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும்.

கிரீன் கார்டுக்காரர்களுக்கு டொமிசைல் கேள்வியே கத்திமேல் நடப்பது. குடிமகன் இருபது வருடம் வெளியே இருந்தாலும் குடியுரிமை போகாது. கிரீன் கார்டுக்காரர் 'என் குடித்தனம் இந்தியாவில்தான், இனிமேல்தான் மாறப்போகிறேன்' என்று எழுதினால், தன் நிரந்தர வசிப்பு நிலையைக் கைவிட்டதாகத் தானே எழுதிக்கொடுத்தது போலாகிவிடும். இரண்டாவது வழியை அவர்கள் தொடும் முன் வக்கீலிடம் போவது நல்லது.

யார் முதலில் போவது?

'அவரை முதலில் அனுப்பிவிட்டு நான் பிள்ளைகளின் பரீட்சை முடிந்து வருகிறேன்' என்பது நடக்காத காரியம். ஸ்பான்சர் முன்னால் போக வேண்டும், அல்லது கூடவே போக வேண்டும். இதைக் கேட்டுப் பயந்து எதிர்க்கோடிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்: கைக்குழந்தையோடு மனைவியை இங்கே விட்டுவிட்டு ஒரு வருடம் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை; ஒரே விமானத்தில் போகலாம். ஆதாரம் ரொம்பவும் மெலிந்திருந்தால் மட்டும், ஒரு மாதம் முன்னால் போய் வீடு பிடித்து லீஸை அனுப்புவது முடிச்சை அவிழ்த்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து இந்த இண்டர்வியூவுக்கு மும்பை பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டியிருக்கும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கப்போவது ஸ்பான்சர் இல்லை, அவருடைய கணவர் அல்லது மனைவி. "உங்கள் மனைவி இப்போது எங்கே இருக்கிறார்? அங்கே போய் எங்கே தங்குவீர்கள்?" என்று கேட்டால், "அதெல்லாம் அவங்கதான் பாத்துக்கறாங்க" என்று சொல்லாமல் இருக்க, கடிதத்தின் ஒரு நகலை அவரும் படித்திருக்க வேண்டும். ஆதாரம் போதவில்லை என்றால், விசாவை நிறுத்திவைத்துப் பாக்கி ஆவணம் கேட்கும் 221(ஜி) சீட்டு தருவார்கள். பயப்பட வேண்டாம், கேட்டதைக் கொடுக்க ஒரு வருடம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே கொடுத்த தாள்களையே திரும்ப அனுப்பாதீர்கள். இடைப்பட்ட வாரங்களில் புதிதாக நடந்ததை அனுப்புங்கள்: கையெழுத்தான லீஸ், ஆஃபர் லெட்டர், டிசி.

விசா கிடைத்து, போய் இறங்கி, மூன்று மாதத்தில் அத்தை வீட்டிலிருந்து தனி அபார்ட்மென்டுக்கு மாறுவீர்கள். மாறிய 30 நாளுக்குள் ஸ்பான்சர் ஐ-865 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். விட்டால் 250 டாலரிலிருந்து 2,000 டாலர் வரை அபராதம். ஜாயின்ட் ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்ட அத்தை வீடு மாறினால் அவருக்கும் இதே கதைதான்.