வெளிநாட்டு இயந்திரம் வாங்குமுன் இடைநிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

திருவொற்றியூர், மணலி பக்கம் பட்டறை வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் விசாரிப்பது விலையைத்தான். கொள்முதல் பிரிவிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், விலையைக் கடைசியாகப் பேசுங்கள். இறக்குமதி செய்து தரும் இடைநிறுவனம் இயந்திரத்தை மட்டும் இறக்கிவிட்டுப் போகுமா, தொழிலையும் கற்றுக்கொடுக்க வழி செய்யுமா என்று முதலில் பாருங்கள்.

உதாரணத்துக்கு, ஜப்பானின் ஒசாகா நூற்பாலை 1883இல் நூல் நூற்கும் 10,500 கதிர்களோடு ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் இயந்திரங்களை வரவழைத்துக் கொடுத்தது மிட்சுயி வணிக நிறுவனம். அந்த ஆலையின் பொறியாளர் யமானோபே தாகேயோ அதற்கு முன்பே இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலையில் வேலை கற்றுத் திரும்பியிருந்தார். ஆகவே உங்கள் ஆள் அங்கே போகவோ, அவர்கள் ஆள் இங்கே வரவோ ஒப்பந்தத்தில் இடம் கேளுங்கள். எத்தனை நாள், தங்கும் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சுக்குக் கப்பல் ஏறும்வரைதான் ஆயுள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி மோட்டார் சைக்கிள்களை விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ், 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் வெளியிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே வாங்கினார்கள். 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. வியாபாரி ஒருவர் உற்பத்தியாளராக மாறிய வரிசை இது. சின்னப் பட்டறைக்கும் பொருந்தும்.

எனவே தேய்ந்துபோகும் பாகங்களின் வரைபடங்களை விலைப்புள்ளியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தண்டு சுழலும் வெண்கல வளையமான புஷ் ஒன்று தேய்ந்தால், அளவும் உலோகக் கலவையும் கையில் இருந்தால் நம் லேத்காரர் அன்றைக்கே கடைந்து தந்துவிடுவார். இல்லாவிட்டால் துறைமுகத்துக்குப் பெட்டி வரும்வரை இயந்திரம் தூசி படிந்து நிற்கும், வட்டி மட்டும் ஓடும். வரைபடம் தர முகம் சுளிக்கும் இடைநிறுவனம் உதிரிபாக விற்பனையில்தான் கண்ணாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தையும் பாருங்கள்: நம் பட்டறைகளின் மும்முனை மின்சாரம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் மின்சாரம் வேறு; அங்கிருந்து பழைய இயந்திரம் வாங்கினால், அதற்கு வேண்டிய மின் அளவு பொறித்த பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எல்.சி., அதாவது விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், திறக்கும்போது முழுத் தொகையையும் கப்பல் ஆவணத்தோடு விட்டுவிடாதீர்கள். பத்து சதவீதமாவது நிறுத்திவையுங்கள். உங்கள் பட்டறையில், உங்கள் மூலப்பொருளை வைத்து, உங்கள் ஆளே ஓட்டி, செய்த பொருள் சரியான அளவில் வந்த பிறகு அதைக் கொடுங்கள்.