விர்ச்சுவல்பாக்ஸில் 64-பிட் வரவில்லையா?

விண்டோஸ் கணினிக்குள்ளேயே இன்னொரு இயங்குதளத்தை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) நிறுவப் போனால், பட்டியலில் 32-பிட் மட்டும்தான் தெரிகிறதா? மென்பொருளை அழித்துத் திரும்பப் போடுவது வீண் வேலை. பெரும்பாலும் கோளாறு அதில் இருக்காது.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்குங்கள். கீழே 'விர்ச்சுவலைசேஷன்' (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டவிடும் சிபியு வசதி) என்ற வரி இருக்கும். அதில் 'டிஸேபிள்ட்' என்று இருந்தால் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போயே ஆக வேண்டும். கணினி தொடங்கும்போதே எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையைத் தட்டுங்கள். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். அங்கே இந்த வசதி, சிபியு இன்டெல் என்றால் 'விடி-எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம்' என்ற பெயரில் இருக்கும். எனேபிள் செய்து சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்டிருப்பவர்கள் மீட்புக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இதில் இறங்குங்கள், பயாஸில் கைவைத்தால் சில சமயம் அதைக் கேட்கும்.

சரி, எனேபிள்ட் என்றே இருக்கிறது, ஆனால் உபுண்டு நகர மறுக்கிறது என்றால்? உபுண்டு ஓடும் விர்ச்சுவல் மெஷின் சாளரத்தின் அடியில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா பாருங்கள். பொருத்தமான படம்தான்! விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றின் டிக்கையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறமும் ஆமை போகவில்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மெமரி இன்டெக்ரிட்டி'யைப் பாருங்கள். அது பாதுகாப்புக்கான வசதி, கடைசி வழியாக மட்டும் அணையுங்கள். டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்), டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்கள் இந்த டிக்குகளை எடுக்காமல் ஆமையோடு ஒத்துப்போவதே மேல். எடுத்தால் அவை இரண்டும் ஓடாது.